நாடி: அறுபத்து நான்கு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். என் மனைவி அழுதாள், நான் அதை எடுத்துக்கொண்டேன்.

பாயா ரும்புட்டில் ஒரு வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்தவள், குளித்துவிட்டு, காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைக் கழுவ நின்றாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் எதையும் கழுவவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன். அப்போதுதான் சொன்னாள்.

"நான் அந்த அண்ணன் பல்ஸ பாக்கவே இல்லீங்க. சும்மா எழுதிட்டேன்."

வாசகரிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் முழுக் கதையையும் சொல்லி அழுதுகொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில் நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் தலைக்குள் ஒரு மூலை, இதை எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவனுக்கு வரும் வியாதி இது. மற்ற நாட்களில் தாம்பினில் ஒரு டயர் கடையில் வேலை. டயர் கடையில் பொய் சொன்னால் வண்டி காட்டிக் கொடுத்துவிடும். கதையில் அந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் காலை அவளிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று.

"எழுதுங்களேன். வேணாம்னா மட்டும் விட்டுடுவீங்களா?" என்றாள்.

இதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[நர்ஸ் வாணி தன் கட்டைவிரலை அந்த முதியவரின் மணிக்கட்டில் மெல்ல வைத்தாள். தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பறவை சிறகடிப்பது போல]

தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. கோமளாவின் கையெழுத்து.

'கட்டை விரல்ல யாரும் பாக்க மாட்டாங்க. கட்டை விரலுக்குள்ளயே ஒரு பல்ஸ் ஓடும். நம்மளோடதயே எண்ணிட்டு வந்துருவோம். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். பறவை வேணாம்.'

வாணி என்ற பெயரை அடித்துவிட்டு மேலே கோமளா என்று எழுதியிருந்தாள். உன் பெயர் வெளியே வர வேண்டாம் என்றுதானே மாற்றினேன் என்று கேட்டேன்.

"தப்பு பண்ணது நான். வாணி எதுக்கு மாட்டிக்கணும்?" என்றாள்.

அதனால் இந்தக் கதையில் அவள் பெயர் மட்டும் நிஜம். மற்றவை நான் வைத்தவை.

இரண்டாவது தொடக்கம்:

[மலாக்கா மாநிலத்தின் வடக்கு எல்லையில், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் வந்துகொண்டிருக்கும் ஒரு காலத்தில்]

அங்கேயே நின்றுவிட்டது. எஸ்டேட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் நாலு பக்கம் போவேன். அந்த நாலு பக்கமும் யாருடைய கையையும் பிடிக்க வேண்டியிருக்காது. எனக்கு வசதிதான். ஆனாலும் இனி அலங்காரம் இல்லாமல் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

வீரமுத்து. அறுபத்தேழு வயது. புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி, ஓய்வு பெற்றுப் பாயா ரும்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தவர். மனைவி குஞ்சம்மா. ஒரே மகன் வசந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இந்த வருடம் ஜூலைத் தொடக்கத்தில் வீரமுத்துவுக்கு இதயம் தாளம் தப்பி ஓட ஆரம்பித்தது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஓட்டத்தை மட்டுப்படுத்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள், தினம் காலையில் ஒன்று.

அந்த மாத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுப்பதற்கு முன் நாடியை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் மெஷின் அவருக்கு உதவாது. தாளம் தப்பிய நாடிக்கு அது நொடிக்கு ஒரு எண் காட்டும். அதனால் கையால், முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்று டாக்டர் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வசந்தன் வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு கம்பெனியைப் பிடித்து, முதல் ஒரு மாதத்துக்குத் தினமும் காலை வர ஏற்பாடு செய்தான். வந்தவள் கோமளா.

டிவி அலமாரியில் ஒரு நீலப் புத்தகம் இருக்கும். கோமளா எண்ணுவாள், புத்தகத்தில் எழுதுவாள், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு வாட்சப்பில் அனுப்புவாள். குஞ்சம்மா எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தன் கையாலேயே கொடுப்பார். கணவருக்கு மாத்திரை கொடுக்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "அறுபதுக்கு மேலன்னா பச்ச லைட்டு," என்பார்.

3

அது ஆடி மாதம். வீரமுத்து பிறந்த எஸ்டேட் இப்போது இல்லை, அதன் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் முப்பது வருடம் தீ மிதித்தவர். இந்த வருடம் தீ மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, பால்குடமாவது எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டார். இதைக் கோமளாவிடம் யாரும் சொல்லவில்லை.

நீலப் புத்தகத்தில் அந்த வாரத்து எண்கள்: திங்கள் 78, செவ்வாய் 74, புதன் 70, வியாழன் 64.

இறங்கிக்கொண்டே வருவதை நீங்கள் பார்க்கிறீர்கள். கோமளாவும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்பினாள். நான் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு அறுபதுக்குக் கீழ போயிடும்னு நெனைக்கிறேன். டாக்டருக்குப் போன் பண்ணணும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் கவனமில்லாத நர்ஸ் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வெளிக் குழாயில் கை கழுவிவிட்டு உள்ளே நுழைந்தாள். வீரமுத்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் கட்டிய மஞ்சள் துண்டு.

"வாம்மா கோமளா. காப்பு கட்டியாச்சு," என்று சிரித்துக்கொண்டே அந்தக் கையை நீட்டினார்.

கோமளா ஓரெட்டுப் பின்னால் போனாள். அன்று அவளுக்கு மாதவிலக்கு, இரண்டாம் நாள்.

அந்த நாட்களில் காப்புக் கட்டியவரைத் தொடக் கூடாது, தொட்டால் விரதம் கெடும், கெட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள். இது நம் ஆட்களிடம் ஊறிப்போன பயம். நம்பாதவர்கள்கூட அந்த ஒரு வாரம் ஒதுங்கி நடப்பார்கள்.

வீரமுத்து அவளைப் பார்த்தார். மூன்று தங்கைகளோடு பிறந்தவர், புரிந்துகொண்டார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவால்லம்மா. ரெண்டு நாளுதானே, திருவிழா முடிஞ்சிரும். எனக்கு ஒண்ணும் இல்ல. வாய்தான் கொஞ்சம் கசக்குது."

வாய் கசப்பது விரதத்தாலும் இருக்கலாம், அந்த மாத்திரை உடம்பில் மிஞ்சிப்போனதாலும் இருக்கலாம். நாடியை எண்ணினால் எது என்று தெரியும்.

"மெஷின்ல பாக்கலாம் அண்ணே. நீங்களே விரல்ல மாட்டிக்குங்க."

மெஷினை மேசையில் வைத்தாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். 58 என்றது. பிறகு 81. பிறகு 49, 66. அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையலறையிலிருந்து குஞ்சம்மாவின் குரல் வந்தது.

"எவ்ளோ இருக்கு கோமளா? மாத்திர குடுக்கலாமா?"

"நேத்து மாதிரியேதான் அக்கா. அறுபத்து நாலு."

எழுதினாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். ஆபீஸிலிருந்து கட்டைவிரல் படம் வந்தது. குஞ்சம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மாத்திரையையும் தண்ணீரையும் கணவரிடம் கொடுத்தார்.

* ஸ்டெதஸ்கோப் இல்லையா என்று வாசகர்களில் யாராவது நர்ஸ் இருந்தால் கேட்பார். இருந்தது, அவள் கழுத்திலேயே இருந்தது. அதை அவர் மார்பில் வைக்கவும் பக்கத்தில்தான் போக வேண்டும்.

 காப்பு வலது கையில்தானே, இடது கையில் பார்த்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். "அம்மனுக்கு வலது எடதுன்னு கணக்கு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள்.

4

[பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவர் மீது]

இந்த இடத்தில் ஒரு மரணக் காட்சி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். கோமளா அங்கே இல்லை, நானும் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதித்தான் இந்தக் கதையில் ஒருவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறார். அடித்துவிட்டேன்.

குஞ்சம்மா சொன்னது இவ்வளவுதான்: "தல பெனிங்கா இருக்கு, சுத்துதுன்னு படுத்தாரு. டீ போட்டுக்கிட்டு வந்து எழுப்புனேன். எந்திரிக்கல."

பலவீனமான இதயம், எந்த நாளும் நடக்கக் கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். யாரும் நீலப் புத்தகத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் 64 என்றுதான் இருந்தது. கம்பெனி கோமளாவை வேறு நோயாளி வீட்டுக்கு அனுப்பியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குஞ்சம்மா கோமளாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். மாத்திரைகள். ஒரு சில்வர் தட்டில் கொட்டி, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார்.

"முப்பது குடுத்தாங்க. அவரு சாப்ட்டது பதினெட்டு நாளு. பன்னெண்டு இருக்கு, பாரு."

"சரியாத்தானே அக்கா இருக்கு."

"அது எப்படிம்மா சரியாகும்? நீ காலையில பாத்தப்ப அறுபத்து நாலு. நல்லாத்தான் ஓடியிருக்கு. அதுக்கப்புறம் நான் குடுத்த மாத்திரதான் உள்ள போச்சு. நான்தான் மறந்துட்டு இன்னொன்ன குடுத்திருப்பேன். பார்மசில முப்பத்தொண்ணு போட்டிருப்பான், அதான் கணக்கு சரியா வருது."

கோமளா ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"தெனம் எண்ணுறேன். பன்னெண்டுதான் வருது. வசந்தன்கிட்டகூட சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன். அவர நான்தான்..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, நானும் முடிக்கப்போவதில்லை. "இல்லக்கா, அப்படி இல்ல," என்று கோமளா மூன்று தடவை சொன்னாளாம். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் குஞ்சம்மா அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்திருக்கிறார்.

வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். மாத்திரைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. குஞ்சம்மா அதை நம்பவில்லை. கோமளா எழுதிய எண்ணைத்தான் நம்புகிறார். அந்த எண் உண்மையாக இருக்க வேண்டுமானால் தன் கை தப்புச் செய்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தன்னையே கொலைகாரியாக்கிக்கொண்டுவிட்டார். கோமளா வாயைத் திறந்தால் அவருடைய பாரம் இறங்கும். அதோடு கோமளாவின் இருபத்து நான்கு வருட வேலையும், நர்ஸ் என்ற பதிவும் போகலாம். திறக்காவிட்டால் பாயா ரும்புட்டில் ஒரு பெண் தினமும் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பார்.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். என் முக்கியப் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இருபத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். பிணம் குளிப்பாட்டியிருக்கிறாள். சீழும் ரத்தமும் தொட்ட கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டிருக்கிறாள். மாதத்தில் எந்த நாளும் அவளுக்கு வார்டில் ஒன்றுதான். அப்படிப்பட்டவள் ஒரு மஞ்சள் கயிற்றுக்கு ஓரெட்டுப் பின்னால் போவாளா? வேறு யாராவது எழுதியிருந்தால், ஆள் சரியாக வரவில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அந்த நாள்ல காப்பு கட்டுன பேஷண்ட் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ரோஹானாவ அனுப்பிடுவேன்."

ரோஹானா அவளோடு மருத்துவமனையில் வேலை செய்த மலாய்க்காரத் தோழி. கோமளா கண் காட்டினால் போதும், அவள் போய்ப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்வாள். நோன்பு மாதத்தில் ரோஹானாவின் வேலையைக் கோமளா பார்ப்பாள். ஏன் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அத்தனை வருடமும் அது தப்பில்லாமல் நடந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு ரோஹானா கிடையாது என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் கோமளாவுக்கு உறைத்திருக்கிறது.

சரி, ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? வாசகருக்கு ஒரு காரணம் தர வேண்டும். ஒரு பத்தி எழுதினேன்:

[கோமளாவின் அம்மா மங்களம் ஆசாரம் பார்ப்பவர். அந்த மூன்று நாளும் மகளைப் பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாயோடு]

மறுநாள் பென்சில்: 'எங்கம்மா அப்படி எதுவும் பண்ணல. உங்களுக்கே தெரியும்.'

கடைசி இரண்டு வார்த்தைகளை நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு ஹைலக்ஸுக்கு அளவு மாற்றி டயர் எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

* வீரமுத்து இறந்த பிறகு கோமளா யாருடைய நாடியையும் இரண்டு நிமிடத்துக்குக் குறைந்து எண்ணுவதில்லை. புது வீட்டில் ஒரு சீனக் கிழவர், பழைய பஸ் டிரைவர். நான் செத்துவிட்டேனா, இவ்வளவு நேரம் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

6

[அந்த வருடம் நான் தீ மிதித்தேன். அப்போது]

[சில அனுபவங்கள் மனிதனை]

இப்படி ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவும் உண்மையைச் சொல்லப்போவதில்லை. அடித்துவிட்டேன்.

[என் வலது உள்ளங்காலில் ஒரு தழும்பு]

சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கோமளாவுக்கு இருபத்து மூன்று வயது, அப்போதுதான் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். நான் முதல் தடவையாகத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தேன். ஐந்தாம் நாள் காலை அவள் காப்பி கொடுத்தாள். தம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தனக்கு மாதவிலக்கு ஆகியிருப்பது அவளுக்கே தெரிந்தது. மறைக்கத் தெரியாதவள், என்னிடம் வந்து சொன்னாள்.

திருவிழா அன்று குழியில் என் கால் சுட்டுவிட்டது. மூன்று வாரம் நடக்க முடியவில்லை. விரதம் சரியாக இருந்தவனுக்குக் கால் சுடாது என்பார்கள். வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா, அண்ணிகள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று, என்னடா ஆச்சு என்று கேட்டார்கள்.

"இவ தொட்டுட்டா," என்றேன்.

யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவள் கதவோரம் நின்றிருந்தாள். அந்த நிமிடம் ஓரெட்டுப் பின்னால் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும், அந்த நாட்கள் வந்துவிட்டால், கோயில் பக்கமோ காப்புக் கட்டியவர் பக்கமோ அவள் போனதில்லை. அடக்கமான மனைவி என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு. விரதத்தின் மூன்றாம் நாள், அதாவது அவள் விரல் படுவதற்கு இரண்டு நாள் முன்னால், கடை ஆட்களோடு தாம்பின் ஸ்டாலில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டேன். பொரித்த கோழிக்காலோடு. மணம் இழுத்தது, சாப்பிட்டேன். குழிக்கு முன்னால் நின்றபோது அது நினைவு வந்தது. பயந்துபோய் நடுக் குழியில் ஒரு கணம் நின்றுவிட்டேன். நின்ற கால் சுட்டது.

பதினெட்டு வருடத்தில் அறுபது கதைகள் எழுதியிருக்கிறேன். அதில் எத்தனையோ ஆண்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். இதை எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

7

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கோமளா கம்பெனி ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள். விசாரணை நடக்கிறது, வேலையை விட்டு நிற்கிறாள். குஞ்சம்மாவுக்கு எதுவும் தெரிவதில்லை. (பென்சில்: 'இது யாருக்கு?')

இரண்டு: காலம் போகிறது. ஒரு நாள் குஞ்சம்மா தாமாகவே மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தலை முழுகுகிறார். (பென்சில்: 'அவங்க கொட்ட மாட்டாங்க.')

மூன்று: ஒரு நல்ல டாக்டர் வருகிறார். இரண்டு மாத்திரை சாப்பிட்டால் ஒருவர் செத்துவிட மாட்டார் அம்மா என்று விளக்குகிறார். குஞ்சம்மா நிம்மதியாகிறார், கோமளாவுக்கும் ஆபத்தில்லை, எனக்கும் இல்லை. (இதற்கு எழுத்து இல்லை. பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு.)

ஆறாம் பகுதியை மட்டும் அவளிடம் காட்டாமல் நான்கு நாள் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. காலைப் பசியாறலுக்குப் பிறகு கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

"நாசி லெமாக்கா?" என்றாள்.

"ஆமா."

"கோழியோட."

"ஆமா."

"அந்த வருசம் முழுக்க நான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம விளக்கு போட்டேனே, எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். கோயிலுக்கு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவனே நான்தான். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். அது இருபத்து நான்கு வருடம் தாமதம் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"இத வச்சு என்னைய காப்பாத்தலாம்னு பாக்காதீங்க," என்றாள். "உங்க கால் சுட்டது உங்க தப்பு. அதுக்கு என்னைய சொன்னதும் உங்க தப்புதான். ஆனா அறுபத்து நாலுன்னு எழுதுன கை என்னோடது. அந்த அண்ணனே கைய இழுத்துக்கிட்டாரு, பரவால்லன்னாரு. அப்பவாச்சும் நான், டாக்டருக்குப் போன் பண்ணுங்க, மாத்திர குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம் லா. அதுக்கு யாரையும் தொட வேண்டியதில்லையே."

அவள் எழுந்து எல்லாத் தாள்களையும் சேர்த்து அடுக்கினாள். பென்சில் குறிப்புகள் இருந்த தாள்களையும் விடவில்லை.

"அக்கா தமிழ்ப்பள்ளியில ஆறு வரைக்கும் படிச்சவங்க. பேப்பர்ல வர்ற உங்க கதையெல்லாம் படிப்பாங்க. நேர்ல சொல்லப் போனா எனக்கு வாய் வராது, அன்னிக்கே வரல. இத அவங்க கையில குடுத்துட்டு எதிர்ல உக்காந்துக்குறேன்."

"வேல?"

"நாளைக்கு ஆபீஸுக்குப் போய் சொல்லிடுவேன். மொதல்ல அக்கா."

"இன்னும் முடிவு எழுதலையே."

"ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நான் சேல மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள. எப்பவும் எழுதுற மாதிரி எழுதாதீங்க. புரியுற மாதிரி எழுதுங்க."

8

அக்கா, இதுவரை வாசகர் என்று நான் கூப்பிட்டது யாரையென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பத்திரிகை ஆசிரியராக இருக்கலாம், கதை நன்றாக இருக்கிறது என்று போன் செய்யும் நண்பர்களாக இருக்கலாம். இந்தப் பக்கம் உங்களுக்கு. குஞ்சம்மா என்று பெயரை மாற்றி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் கதைகளின் முடிவு புரிவதில்லை என்று கோமளாவிடம் சொல்வீர்களாம். புரியாமல் முடிப்பதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அப்படிச் செய்யவில்லை.

நீங்கள் கொடுத்தது ஒரே மாத்திரை. பார்மசியில் போட்டது முப்பதுதான். பன்னிரண்டு சரி. தப்பான எண் நீலப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அண்ணனுடைய நாடியை யாரும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கோமளாவுக்கும் தெரியாது. அது தெரியும் என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள்.

நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் அவள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலில் காரில் இருக்கிறேன். நீங்கள் அவளை வெளியே போகச் சொல்லலாம். வசந்தனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லலாம், எங்கே வேண்டுமானாலும் புகார் எழுதிக் கொடுக்கலாம். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நீங்கள் செய்யப்போவதை நான் ஊகித்து எழுத மாட்டேன், நடந்த பிறகு கேட்டும் எழுத மாட்டேன். இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று தீர்மானிக்க உங்களுக்குத்தான் பாத்தியதை இருக்கிறது.

அந்த மாத்திரைகளை மட்டும் இனி எண்ண வேண்டாம், அக்கா.